மஞ்சளுக்குள் நீலம்

வருஷத்தில் இரண்டு மாதம் நான் மஞ்சள், ஆறேழு மாதம் நீலம். மஞ்சள் கிரிக்கெட்டுக்கு, நீலம் கால்பந்துக்கு. நடுவில் பாலமாக தோனி இருக்கிறார். மஞ்சளில் அவர் விளையாடுகிறார். நீலத்தில், அதாவது சென்னையின் எஃப்சியில், அபிஷேக் பச்சனோடு சேர்ந்து பங்குதாரர். ஆகவே இதில் கட்சித் தாவல் எதுவும் இல்லை என்று என் மனைவிக்குப் பலமுறை விளக்கியிருக்கிறேன். அவளுடைய வருத்தம் கட்சித் தாவல் பற்றியது அல்ல, துவைப்பது பற்றியது. நீல ஜெர்சி முறையாகக் கடையில் வாங்கியது. மஞ்சள், சேப்பாக்கம் வாலாஜா சாலை நடைபாதையில் மேட்ச் தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பு பேரம் பேசி வாங்கியது. ஒவ்வொரு துவையலுக்கும் ஒரு பக்கெட் சாம்பார் தரும்.

2023 நவம்பர் 29, புதன்கிழமை. கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸோடு எங்களுக்கு ஆட்டம். அங்கே போகும் யோசனை என்னுடையது அல்ல. வியாசர்பாடி நண்பர் ஒருவருடையது. வியாசர்பாடிக்காரர்களிடம் கால்பந்து விஷயத்தில் எதிர்த்துப் பேச முடியாது. அந்த ஊர்க் குழந்தை தவழும்போதே எதையாவது உதைத்துக்கொண்டுதான் தவழும். “நம்ம ஊர்ல கத்துறதுக்கு யாரா இருந்தா என்ன தல? அவன் ஊருக்குப் போய்க் கத்தணும். அவன்தான் ரசிகன்” என்றார். டிக்கெட்டும் அவரே போட்டார். ரயில் ஏறவேண்டிய அன்று சாயங்காலம், மச்சினிக்கு நிச்சயதார்த்தம் என்று அவரே கழன்றும் கொண்டார். என் போனுக்கு ஒரு டிக்கெட்டும் ஒரு கை கூப்பும் பொம்மையும் வந்து சேர்ந்தன.

பையில் நீலத்தை மட்டும்தான் வைத்திருந்தேன். மனைவி மேலே மஞ்சளையும் திணித்தாள்.

“இது எதுக்கு?”

“அவங்களும் மஞ்சள்தானே? வம்புன்னு வந்தா இதை மேல மாட்டிக்கோங்க.”

வீரனை வழியனுப்பும் முறையா இது என்று கேட்கலாமென்று நினைத்தேன். ஆலப்புழை எக்ஸ்பிரஸுக்கு நேரமாகிவிட்டது.

சென்னையில் எங்கள் ஸ்டேடியத்தின் பெயர் ஜவாஹர்லால் நேரு. கொச்சியில் அவர்களுடையதற்கும் அதே பெயர். எர்ணாகுளத்தில் இறங்கி, பெரியமேட்டுக்குப் போகிற தோரணையில் “நேரு ஸ்டேடியம்” என்றேன். ஆட்டோக்காரர் “கலூரல்லே?” என்று ஊரின் பெயரைச் சொல்லித் திருத்திவிட்டு, என் நீல மார்பை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“சென்னையின்... சென்னையின் எந்தா?”

2014-இல் அணி பிறந்ததிலிருந்து எனக்குள்ளும் இருக்கிற கேள்விதான் இது. என் தமிழாசிரியர் இருந்திருந்தால், உருபை நட்டாற்றில் விட்டுவிட்டு ஓடியது யார் என்று பிரம்போடு தேடியிருப்பார். ஆட்டோக்காரருக்கு நான் சொன்ன பதில், “அவ்வளவுதான்.” அவர் மிகவும் அனுதாபமாகப் பார்த்தார்.

ஆட்டம் இரவு எட்டு மணிக்கு. நான் நான்கு மணிக்கே போய்விட்டேன். 1996-இல் கட்டிய ஸ்டேடியம். காலரிகளுக்கு அடியில், கட்டடத்தின் வயிற்றைச் சுற்றி வளையமாகக் கடைகளும் அலுவலகங்களும். வாசல் எங்கே என்று தேடி ஒரு முழுப் பிரதட்சிணம் செய்தேன். கிரிக்கெட்டும் நடந்த இடம் இது. 1998-இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக டெண்டுல்கர் இங்கே பந்து வீசி, 32 ரன்னுக்கு ஐந்து விக்கெட் எடுத்தார். பிற்பாடு இந்தக் கால்பந்து அணியில் பங்கும் வாங்கினார். ‘பிளாஸ்டர்ஸ்’ என்ற பெயர் அவருடைய பட்டப்பெயரிலிருந்து வந்ததுதான். 2018-இல் பங்கை விற்றுவிட்டுப் போனார். ஆக, கால்பந்து பார்க்க வந்தாலும் இந்த நாட்டில் கிரிக்கெட்காரர்களின் நிழலில்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

ஐந்தரை மணிக்கு மேல் மெட்ரோ ஒவ்வொரு முறை கதவைத் திறந்தபோதும் மஞ்சள் கொட்டியது. கைக்குழந்தை மஞ்சள், பாட்டி மஞ்சள், ஒரு நாய்க்குட்டியின் கழுத்துத் துணி மஞ்சள். ஒருவரும் என்னை முறைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு பேர் சிரித்துக்கொண்டே கைகூடக் கொடுத்தார்கள். அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது; பலி ஆட்டுக்கும் முதலில் மாலைதான் போடுவார்கள். டீக்கடைக்குப் பின்னால் போய், மனைவி சொன்னபடி நீலத்தின் மேல் மஞ்சளை மாட்டினேன். கொச்சியின் புழுக்கத்தில் இரட்டைச் சட்டை என்பது, இட்லிக் கொப்பரையில் போர்வையோடு உட்காருவதற்குச் சமம்.

வாசலில் சோதனை. என் சில்லறையையும் தண்ணீர் பாட்டிலையும் வாங்கிக்கொண்ட காவலர், இடுப்பைத் தடவியபோது மஞ்சளின் விளிம்பைத் தூக்கிப் பார்த்தார். நீலம். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோல் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். விளிம்பைப் பதமாக இறக்கிவிட்டு, “போய்க்கோ” என்றார்.

உள்ளே போன பிறகுதான் டிக்கெட்டை உற்றுப் பார்த்தேன். கிழக்கு காலரி. பிளாஸ்டர்ஸின் ரசிகர் படையான மஞ்சப்படையின் கோட்டை. முரசு, கொடி, தொண்டை, எல்லாம் அங்கேதான். நண்பருக்குப் போன் போட்டேன். பின்னணியில் நாதஸ்வரம் கேட்டது. மறுநாளும் நிச்சயதார்த்தம் தொடர்கிறது போலும்.

“மலிவா இருந்துச்சு தல” என்றார்.

எங்கள் ஆட்கள் தூரத்தில், எலுமிச்சைச் சாதத்தில் ஒட்டிய கறிவேப்பிலை போல ஒரு மூலையில் தெரிந்தார்கள்.

ஆட்டம் தொடங்கியது. நான் இன்னும் சரியாக உட்காரக்கூட இல்லை. முதல் நிமிடத்திலேயே ரஹீம் அலி கோல் போட்டுவிட்டார். ஸ்டேடியம் முழுக்க மயான அமைதி. நின்றுகொண்டிருந்த ஒரே மனிதன் நான். தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்தேன். பிறகு குனிந்து, காலில் இருந்த செருப்பையே தேடினேன். பக்கத்தில் இருந்தவர் என் முழங்கையைப் பிடித்து மெதுவாக இழுத்தார்.

“அளியா, இரிக்கு.”

உட்கார்ந்தேன்.

11-ஆவது நிமிடம் டயமன்டகோஸ் பெனால்டியில் சமன் செய்தார். நான் கை தட்டினேன். அப்படித் தட்டிய பாவம் காசிக்குப் போனாலும் கரையாது. 13-இல் எங்களுக்கு ஒரு பெனால்டி, ஜோர்டன் மரே. 24-இல் மறுபடியும் அவரே. மூன்றுக்கு ஒன்று! எதிராளி ஊரில், எதிராளி கோட்டைக்குள் என் அணி இரண்டு கோல் முன்னால் நிற்கிறது. நானோ இழவு வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது லாட்டரி விழுந்த சேதி வந்தவன்போல உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். 38-ஆவது நிமிடத்தில் பெப்ரா ஒன்று போட்டு இடைவெளியைக் குறைக்கும்வரை அந்தப் பதினான்கு நிமிடமும் நான் அனுபவித்த சந்தோஷத்தை இன்னொருமுறை தாங்கமாட்டேன்.

இடைவேளையில் பக்கத்துக்காரர் பாப்கார்னை நீட்டினார். அவர்களுடைய பயிற்சியாளர் வுகோமனோவிச்சை அவர் ஒருமுறைகூடப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ‘ஆஷான்’தான். நம்முடைய ஆசான்! செர்பியாவிலிருந்து வந்தவருக்கு இப்படியொரு மரியாதை. நாங்கள் எங்கள் பயிற்சியாளர் ஓவன் காயிலுக்கு என்ன பட்டம் கொடுத்தோம் என்று யோசித்துப் பார்த்தேன். எங்களிடம் 2015, 2018 என்று இரண்டு கோப்பைகள் இருக்கின்றன. இவர்கள் மூன்று முறை இறுதிப் போட்டிக்குப் போய் மூன்றிலும் தோற்றவர்கள். ஆனாலும் நம் ஸ்டேடியத்தில் இந்தக் கூட்டத்தில் பாதி வந்தால் நான் அங்கப்பிரதட்சிணம் செய்வேன்.

59-ஆவது நிமிடம் மறுபடி டயமன்டகோஸ். மூன்றுக்கு மூன்று. முன்பின் தெரியாத நான்கு பேர் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். சொட்டச் சொட்ட நனைந்தேன். பாதி அவர்கள் வியர்வை. ஒரு மணி நேரத்துக்குள் ஆறு கோல் விழுந்த ஆட்டத்தில், அதன்பின் அரை மணி நேரம் ஒன்றுமே விழவில்லை. அது ஒன்றுதான் கடவுள் எனக்குச் செய்த சகாயம்.

முடிந்ததும், கையை விரித்து முழு ஸ்டேடியமும் ஒரே தாளத்தில் தட்டும் வைக்கிங் கைதட்டல். அதில் நான் கலந்துகொண்டது பயத்தினால் மட்டும் என்று சொன்னால் பொய்.

கிளம்பும்போது பின்வரிசையிலிருந்து பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் என் தோளைத் தட்டினான்.

“அங்கிள் சென்னையாணோ?”

எனக்கு நா வறண்டது. “எப்படித் தெரியும்?”

அவன் என் முதுகைக் காட்டினான். வாலாஜா சாலை வியாபாரி அங்கே சாண் அளவு எழுத்தில் அச்சடித்திருந்தார்: தோனி, 7.

“மூந்நு பிராவஸ்யம் ஏழு சாடி” என்றான். மூன்று கோலுக்கும் அந்த ஏழு துள்ளியதை எண்ணியிருக்கிறான். அவன் அப்பா சிரித்தார். அந்த வரிசையே சிரித்தது. எல்லோருக்கும் முதல் நிமிடத்திலிருந்தே தெரியும். நான் மட்டும்தான் ஒன்றரை மணி நேரம் ஒளிந்துகொண்டிருந்தேன். “அளியா, இரிக்கு” என்று இழுத்து உட்காரவைத்தவர், “சாரமில்ல” என்று முதுகில் ஒரு தட்டு தட்டினார். அளியா என்றால் மச்சான். எங்கள் சென்னை ரசிகர் படை ஒன்றின் பெயரே சூப்பர் மச்சான்ஸ்தான் என்பதை அவருக்கு எப்படி விளக்குவது?

“இனி அதைக் கழற்றுங்க, வேகுது பாருங்க” என்று பையனின் அப்பா உடைந்த தமிழில் சொன்னார். ஊருக்கே தெரிந்தபின் என்ன வேஷம்? நெஞ்சை நிமிர்த்தி, மஞ்சளைத் தலைவழியே உருவி, என் அணியின் நிறத்தை அந்தக் கோட்டைக்கு நடுவில் காட்டினேன்.

வாலாஜா சாலைச் சாயம் வியர்வையோடு நான்கு மணி நேரம் உள்ளே இறங்கியிருந்தது. நீலம், கழுத்திலிருந்து இடுப்புவரை கிளிப்பச்சையாகிவிட்டிருந்தது.

பையன் முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் கேட்டான்: “இது ஏது டீமா?”