பேராண்டி சீமைக்குப் படிக்கப் போறான்

ஏ பேராண்டி, ஹைடல்பெர்க்குல போயி ஐரோப்பிய சனநாயகமும் உலக ஏற்றத்தாழ்வும் படிக்கப் போறியாமே? நல்ல சோலி. முதல் பாடம் ஃபீஸ் சீட்டுலயே ஆரம்பிச்சிருச்சே, பாத்தியா? பக்கத்து பெஞ்சு ஜெர்மன்காரப் பயலுக்குப் படிப்புக் கட்டணம் கிடையாது. உனக்கு மட்டும் செமஸ்டருக்கு 1500 யூரோ. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளிய இருந்து வாரவன்லா நீ! 2017-ல ஹைடல்பெர்க் இருக்கிற மாநிலத்துக்காரன் கொண்டாந்த ஏற்பாடு. அதுபோக வருசத்துக்கு 11,904 யூரோவை முடக்கி வைக்கிற பிளாக்டு அக்கவுண்டுல காட்டினாத்தான் விசா. உங்கப்பன் லோனுக்காக பேங்க் மேனேசர் முன்னால கைகட்டி நின்னாம்லா, அதைத்தான் வாத்தியார் படம் போட்டு விளக்குவாரு: உலகச் சொத்துல 76 சதவீதம் பத்துல ஒரு பங்கு ஆளுக கையில, அடித்தட்டுல கிடக்கிற பாதிச் சனத்துக்கு 2 சதவீதம்னு. 2022-ம் வருசத்து உலக ஏற்றத்தாழ்வு அறிக்கை சொன்ன கணக்கு. கவனமாக் குறிச்சுக்கோ, காசு குடுத்துக் கேக்குற சங்கதி.

அங்கயிருந்து பிரான்சுல இருக்கிற ஸ்ட்ராஸ்பூர்க் பக்கந்தான். லீவுல போயி ஐரோப்பிய நாடாளுமன்றத்தைப் பாரு. 720 உறுப்பினர்க. அன்றாட வேலை பெரும்பாலும் பிரஸ்ஸல்ஸ்ல. ஆனா வருசத்துக்குப் பன்னெண்டு தடவை காகிதத்தையெல்லாம் பெட்டியில அடைச்சு, வாசல்ல வச்சு, லாரியில ஏத்தி 400 கிலோமீட்டருக்கு மேல கொண்டாருவாக. நாலு நாள் பேசுவாக. திரும்பப் பெட்டி, திரும்ப லாரி. எங்க கூடணும்னு நாங்களே முடிவு பண்ணிக்கிடுதோம்னு 2013-ல அந்தச் சபையே பெரும்பான்மையா ஓட்டுப் போட்டுச் சொல்லிருச்சு. என்னத்துக்கு ஆச்சு? ஒப்பந்தத்துல எழுதியாச்சு, மாத்தணும்னா எல்லா நாடும் தலையாட்டணும். பிரான்சுக்காரன் ஆட்டுவானா? புதுச் சட்டத்துக்கு வரைவு கொண்டாரவும் ஐரோப்பிய ஆணையத்துக்குத்தான் உரிமை. சபை கேட்டுக்கிடலாம், அவ்வளவுதான்.

சரி, சனங்ககிட்டயே நேரா கேட்டா? அதுவும் நடந்திருக்கு. 2008-ல ஐரோப்பிய ஒன்றியத்தோட லிஸ்பன் ஒப்பந்தம் வேண்டாம்னு அயர்லாந்துக்காரக ஓட்டுப் போட்டாக. வரியில கைவைக்க மாட்டோம், நடுநிலைமையைக் கெடுக்க மாட்டோம்னு சில உறுதிமொழி குடுத்து, 2009-ல மறுபடி கேட்டாக. பொருளாதாரம் வேற படுத்துக்கிடந்த நேரம். சரின்னுட்டாக. உங்க ஆச்சி உங்கக்காகிட்ட மாப்பிள்ளை விசயம் கேட்டாள்லா, அந்தத் தினுசு. வேண்டாம்னு சொன்ன வரைக்கும் தினம் கேட்டா. சரின்னு ஒருக்காச் சொன்ன பிறகு யாராவது கேட்டாகளா?

இது ஐரோப்பாக் கதை. உலக ஏற்றத்தாழ்வுப் பாடத்துக்கு வந்தா, சர்வதேச நாணய நிதியம்னு ஒரு இடம் இருக்கு, அதை மட்டும் நின்னு பாரு. பெரிய முடிவுன்னா 85 சதவீத ஓட்டு வேணும். அமெரிக்காக்காரன் கையில மட்டும் பதினாறுக்கு மேல. கழிச்சுப் பாரு, மத்தவன் அத்தனை பேரும் சேந்து கைதூக்கினாலும் 84 எட்டாது. ஒத்தையாளா நின்னு மறிச்சுரலாம். அதோட தலைமை நாற்காலியில 1946-ல இருந்து இன்னிக்கு வரைக்கும் ஐரோப்பாக்காரகதான். பதிலுக்கு உலக வங்கி நாற்காலி அமெரிக்காவுக்கு. எந்தச் சட்டத்துலயும் இது இல்லை, வாய்ப்பேச்சு ஏற்பாடுதான்.

ஊருக்கெல்லாம் தேர்தல் நடத்தச் சொல்லிக் குடுக்கிறவுக, இந்த ரெண்டு நாற்காலிய மட்டும் ஏன் இப்படிப் பாகம் பிரிச்சு வச்சிருக்காகன்னு வகுப்புல எந்திரிச்சுக் கேளு. நேராப் பதில் சொல்ற வாத்தியார் வாய்ச்சா விட்றாதே, அவர்கிட்டயே ஆராய்ச்சி பண்ணு. முறைச்சாருன்னா, ‘எங்க தாத்தா கேக்கச் சொன்னாரு’ன்னு என் தலையில போட்டுரு. எனக்கென்ன, நான் விசாவா கேக்கப் போறேன்?