கூரையில்லாத வீட்டுக்கு எந்தக் கமரா?

கேள்வி: கனடாவில் இருக்கிற மாமா ஆடி மாதம் வரும்போது கமரா கொண்டு வாறாராம். பாழடைந்த கட்டடங்களைப் படம் எடுக்க எதைக் கேட்கலாம்?
– ஒரு மாணவர், முரசுமோட்டை

பதில்: முதலில் நல்ல முக்காலியைக் கேளுங்கள். பெட்டியில் இடம் மிஞ்சினால் கமராவையும் வைக்கட்டும். ஓடுகிற பிள்ளையையும் பறக்கிற கொக்கையும் பிடிக்கத்தான் விலை கூடிய கமரா வேண்டும். பாழடைந்த கட்டடம் எங்கேயும் ஓடாது. அதற்கு நேரம் கொடுத்தால் போதும். இருண்ட அறை ஒன்றைக் கையில் பிடித்து எடுக்க எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 6400, 1/60 செக்கன் தேவைப்படுகிறது என்று வைப்போம். அதே அறையில் ஐ.எஸ்.ஓ.வை 100க்கு இறக்கி, துவாரத்தை எஃப் 8க்குச் சுருக்கினால், ஏறத்தாழ எட்டரை செக்கன் திறந்து வைக்க வேண்டும். புள்ளி புள்ளியான இரைச்சல் போய்விடும். கிட்டச் சுவரும் தூரச் சுவரும் ஒருசேரத் தெளியும். எட்டரை செக்கன் ஆடாமல் நிற்கும் கை யாருக்கும் இல்லை. முக்காலிக்கு உண்டு. அது இருந்தால் பத்து வருடப் பழைய கமராவே இந்த வேலைக்குத் தாராளம்.

மாமா வரும் காலம் கச்சான் காற்றுக் காலம். பாரமில்லாத முக்காலி ஆடும். அதன் நடுத்தண்டில் உங்கள் பையைத் தொங்கவிடுங்கள். விரலால் அமுக்காமல் இரண்டு செக்கன் தாமதத்தில் எடுங்கள்.

கேள்வி: கலியாண வீட்டுக்குப் படம் எடுக்கிற அண்ணர் 50 மி.மீ. லென்ஸ் வாங்கச் சொல்கிறார்.
– பரந்தன் வாசகர்

பதில்: அண்ணர் மணப்பெண்ணுக்குச் சரியாகச் சொல்கிறார், அறைக்கு அது ஒத்துவராது. சாதாரணமாக நம்மவர் வைத்திருக்கும் சிறு சென்சர் கமராவில், எட்டடி தள்ளி நின்று 50 மி.மீ.யால் எடுத்தால் சுவரில் நாலடி அகலம்கூட முழுதாக விழாது. பத்தடி அறையில் முதுகைச் சுவரோடு ஒட்டி, முக்காலிக்கும் இடம் விட்டால், மிஞ்சுவது அந்த எட்டடிதான். 18 மி.மீ.யில் பத்தடிச் சுவர் முழுக்க அடங்கும். கமராவோடு சேர்த்துத் தருகிற 18–55 லென்ஸைக் குறைவாக எண்ணாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் 10 மி.மீ. இன்னும் திறமா?

பதில்: அகலம் கூடும், உண்மை குறையும். மூலைகள் இழுபடும், பத்தடி அறை கலியாண மண்டபமாகிவிடும். ஒரு குடும்பம் எவ்வளவு சின்ன இடத்தில் படுத்தெழும்பியது என்று காட்டவேண்டிய படம் அதை மறைத்துவிடக் கூடாது. வாசல் நிலைக்கு வெளியே காலை வைத்து உள்ளே பாருங்கள். பெரும்பாலும் அந்த ஓரடி போதும். கமராவை நெஞ்சு உயரத்தில், மட்டம் பார்த்து நேராக வையுங்கள். கொஞ்சம் அண்ணாந்தாலும் சுவர்கள் உட்பக்கம் சாய்ந்துவிடும். சரிந்த சுவரையும் நேரான சுவரையும் பார்ப்பவர் பிரித்தறிய முடியாமல் போனால், படத்தால் பயனில்லை.

கேள்வி: என்னிடம் போன் மட்டும்தான்.

பதில்: போதும், தொடங்குங்கள். 0.5 என்ற அகல லென்ஸைத் தொடாதீர்கள். பெரும்பாலான போன்களில் அதன் சென்சர் சிறிது. பிரதான லென்ஸில், இரவு முறையில், போனை ஒரு கல்லில் சாத்தியாவது அசையாமல் வையுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்துப் பழைய கட்டடங்களுக்குக் கூரையே இல்லை. வானம் வெள்ளையாகிறது, மூலை கறுப்பாகிறது. என்ன செய்ய?
– ஊரியான் வாசகர்

பதில்: வெளிநாட்டுப் புத்தகங்கள் இருட்டை எப்படி வெல்வது என்று சொல்லித் தரும். வன்னியில் கூரை ஓடும் கூரை மரமும் எப்போதோ போய்விட்டன. நம் சிக்கல் மிதமிஞ்சிய வெளிச்சம். முக்காலியை அசைக்காமல் ஒரே காட்சியை மூன்று அளவில் எடுங்கள்: ஒன்று சரியாக, ஒன்று இரண்டு படி இருட்டாக, ஒன்று இரண்டு படி வெளிச்சமாக. ரோ (RAW) கோப்பாகச் சேமித்துப் பிறகு ஒன்றாக்கலாம். ஒன்றாக்கும்போது கை அடக்கம் வேண்டும். பாசி பச்சை நெருப்பாக எரிகிற எச்.டி.ஆர். படங்களைப் பார்த்தால் எனக்கு மனம் நோகிறது.

அதைவிட நல்ல வழி, மேகத்துக்குக் காத்திருப்பது. ஜெர்மனியின் பெர்ன்ட், ஹில்லா பெக்கர் தம்பதியர் 1959 முதல் பல பத்தாண்டுகளாகச் சுரங்கக் கோபுரங்களையும் நீர்த்தாங்கிகளையும் மூடிய வானத்தின் கீழ்தான் எடுத்தார்கள். நிழல் விழாத அந்த வெளிச்சத்தில் கட்டடமே பேசியது. நமக்கு மாரி மாதங்கள் அதை இலவசமாகத் தருகின்றன. நனைந்த கமராவை உடனே பூட்டி வைக்காமல், துடைத்து, சிலிக்கா ஜெல் பொதியோடு வையுங்கள். லென்ஸில் பூஞ்சணம் பிடித்தால் மீட்பது கடினம்.

கேள்வி: பரந்தன் இரசாயனத் தொழிற்சாலைக்குள் போய் எடுக்கலாமா?
– கண்டாவளை வாசகர்

பதில்: ஆசை எனக்குப் புரிகிறது. ஆனையிறவு உப்பை நம்பி எழுந்து, கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்து, 1985இல் போரால் நின்றுபோன ஆலை அது. நம் மாவட்டத்தின் தொழில் வரலாறு அந்தத் தூண்களில் நிற்கிறது. ஆனால் அது அரச நிறுவனத்தின் காணி. எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பழைய ஆலைகளின் தூசியில் கல்நாரும் இரசாயன எச்சமும் இருக்கலாம். கல்நார்த் தூசிக்கு ஏற்ற பி100 வடிகட்டி முகக்கவசம், தடித்த அடியுள்ள சப்பாத்து, ரோச் லைற் இல்லாமல் எந்த ஆலைக்குள்ளும் கால் வைக்காதீர்கள்.

இன்னொன்றை அண்ணனாகச் சொல்கிறேன். மிதிவெடியை எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகை கண்ட இடத்தில் திரும்புங்கள். பலகை இல்லாவிட்டாலும் பற்றை மூடிய வளவில் புதுத்தடம் போடாதீர்கள். கிடக்கிற இரும்பு எதையும் தொடாதீர்கள், ஓரடி பின்னால் போனால் அழகாக வரும் என்று பார்க்காமல் பின்வாங்காதீர்கள். முகமாலையில் போர் முடிந்து பல வருடங்களின் பிறகும் மிதிவெடி அகற்றினார்கள்.

கேள்வி: முல்லைத்தீவு வீதியோரம் யாரோ கைவிட்ட ஒரு வீடு. உள்ளே போக யாரைக் கேட்பது?
– முரசுமோட்டை வாசகர்

பதில்: ‘கைவிட்ட’ என்று அவசரப்பட்டு எழுதாதீர்கள். 2009 தொடக்கத்தில், போரின் கடைசி மாதங்களில், சனம் தர்மபுரம், விசுவமடுப் பக்கமாக அந்த வீதியால்தான் நகர்ந்தது. வீட்டை யாரும் விரும்பி விட்டுப் போகவில்லை; திரும்பி வரலாம் என்று கதவைப் பூட்டிவிட்டுப் போனவர்கள் உண்டு. பக்கத்து வளவில் கேளுங்கள், கிராம அலுவலரிடம் கேளுங்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் போனில் பேசுங்கள். “என்ர வீட்டைப் படம் எடுத்து அனுப்பு தம்பி” என்று அவரே கேட்கக்கூடும். அப்போது எந்தச் சுவரில் சுவாமிப் படம் இருந்தது, எந்த மூலையில் அடுப்பு இருந்தது என்றும் சொல்வார். அதைக் கேட்ட பிறகு முக்காலியை எங்கே வைப்பது என்று நீங்கள் யோசிக்கவே தேவையில்லை.

கேள்வி: எடுத்த படங்களை என்ன செய்வது?

பதில்: ஒவ்வொரு கோப்பிலும் திகதி, ஊர், கட்டடம், எந்தத் திசை பார்த்து எடுத்தது என்று எழுதுங்கள். இரண்டு இடங்களில் பிரதி வையுங்கள். 2005 முதல் ஈழத்தமிழரின் ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தோடு பேசுங்கள். வீட்டுக்காரர் சம்மதித்த படங்களை மட்டும் கொடுங்கள்.