மாம்பழத்துக்கு ஆரத்தி

என் மனைவி வீட்டிலேயே பழச் சோப்பு செய்ய ஆரம்பித்த பிறகு, கூடையில் இருக்கும் பழம் சாப்பிடுவதற்கா குளிப்பதற்கா என்று கேட்டுக்கொண்டுதான் கை வைக்க வேண்டியிருக்கிறது.

முதலில் மாம்பழம். கடைச் சாயம் கூடாது, எல்லாம் இயற்கையாக இருக்க வேண்டும் என்பது அவள் கொள்கை. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு 180 கிராம் போல காஸ்டிக் சோடா. அதைத் தண்ணீரில் போட்டால் அடுப்பே இல்லாமல் ஆவி பறக்கும். கண்ணாடி, கையுறை, முகக்கவசம் சகிதம் நின்றவளைப் பார்த்து, சிலிண்டர் போட வந்தவர் வாசலோடு நின்றுவிட்டார். கரைசலை எண்ணெயில் ஊற்றி, மோர்க்குழம்பு பதத்துக்கு அடித்து, பங்கனபள்ளி நிறம் வரட்டும் என்று மஞ்சள்தூளைத் தூவினாள். குப்பென்று சிவந்தது. மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தி. இங்கே சுண்ணாம்புக்குப் பதில் காஸ்டிக் சோடா, அவ்வளவுதான். "வெற்றிலையும் கற்பூரமும்தான் பாக்கி" என்றேன். அன்று ராத்திரி உப்புமா.

அடுத்தது நாவல்பழம். அதற்கு ஊதா நிறம் தரும் ஆந்தோசயனின் புளிப்பில் சிவக்கும்; காரத்தில் பச்சையாகும்; காரம் மிஞ்சினால் இருக்கிற அழகும் போய்விடும். ஊற்றும்போது பச்சையாக இருந்தது, காயக் காயப் பழுப்பானது. என் அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "எதுக்கும்மா வறட்டியை இத்தனை சின்னதா தட்டியிருக்கே?" என்றாள். வாழைப்பழத்தைப் பற்றிச் சொல்வதற்கில்லை. அதிலிருந்த சர்க்கரை சூட்டைக் கிளப்பிவிட, அச்சுக்குள் சோப்பு பொங்கலே பொங்கிவிட்டது.

நிறம் போகட்டும், வாசனையாவது நின்றதா? பழ மணத்தில் பெரும்பங்கு எஸ்டர்கள். எண்ணெயும் ஒரு வகை எஸ்டர்தான். அதை உடைத்துச் சோப்பாக்கத்தான் காஸ்டிக் சோடாவையே கூப்பிடுகிறோம். வந்த வேலையோடு அது நிறுத்திக்கொள்ளுமா? வாழைப்பழ மணத்தையும் சேர்த்து உடைத்துவிட்டுத்தான் ஓய்கிறது. எலுமிச்சைத் தைலம் வேறு ரகம். உடையாது, காய்கிற நாலு, ஆறு வாரத்தில் நைசாகப் பறந்துவிடும். கடைசியில் தேய்த்துக் குளித்தால் தேங்காய் எண்ணெய் சோப்புதான். அழுக்கு நன்றாகப் போயிற்று, அதைச் சொல்ல வேண்டும்.

கொள்கை மெல்லத் தளர்ந்தது. எந்தக் காரத்துக்கும் அசராத மஞ்சள் இரும்பு ஆக்சைடும், சோப்புக்கென்றே தயாரித்த பலாப்பழ வாசனை எண்ணெயும் கூரியரில் வந்து இறங்கின. இந்தத் தடவை பழம் ஒரு துணுக்குக்கூட உள்ளே போகவில்லை. சுளை நிறம் அப்படியே வந்தது. மணம் மாடிப்படி இறங்கித் தெருவுக்குப் போனது.

சாயங்காலம் கீழ்வீட்டு மாமி வந்தார். ஒரு கையில் கிண்ணம். இன்னொரு உள்ளங்கையில், பிசின் ஒட்டாமலிருக்க எண்ணெய்கூடத் தடவியாயிற்று. "தனியா கஷ்டப்படாதேம்மா, சுளை நான் எடுத்துத் தரேன்" என்றார்.

என் மனைவிக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வேண்டுமா? முகமெல்லாம் சிரிப்பாக, கிண்ணத்தில் நாலு சோப்பை அடுக்கிக் கொடுத்தாள். மாமி ஒன்றை எடுத்து முகர்ந்தார், திருப்பிப் பார்த்தார், மறுபடி முகர்ந்தார்.

"சரி, போகட்டும். கொட்டையாவது இருக்கா? குழம்புக்கு ஆகும்."