டோக்கன் அண்ணாச்சி

டோக்கன் அண்ணாச்சிக்கு முதுகு பிடித்துக்கொண்டால் கை நேராகப் போனுக்குத்தான் போகும். கிளினிக்கில் டோக்கன் கொடுக்க ஆரம்பிப்பது காலை ஏழு மணிக்கு. ஆறு ஐம்பத்தெட்டுக்கே நம்பரைப் போட்டுவிட்டு, பச்சைப் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தட்கல் டிக்கெட் எடுக்கிறவர்களுக்குக்கூட இந்த வேகம் வராது. லைன் கிடைத்ததும், "தாயி, நாலுக்குள்ள ஒரு நம்பர் போடு. நிக்கவும் முடியல, உக்காரவும் முடியல" என்று முனகுவார். மூன்றாம் நம்பர் கிடைக்கும்.

"மூணாம் நம்பர்!" என்று வீட்டுக்குள் அறிவிப்பார். அந்த நிமிஷத்திலிருந்து வலி இறங்க ஆரம்பிக்கும். பத்து மணிக்கு நிமிர்ந்து நடப்பார். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு குட்டித் தூக்கம். சாயங்காலம் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கத்து டீக்கடை பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு, டாக்டரிடம் தனக்கு மூன்றாம் நம்பர் கிடைத்த பெருமையை நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். அதே நேரத்தில் கிளினிக்கில், "மூணாம் நம்பர்! மூணாம் நம்பர் இருக்கீங்களா?" என்று கவுண்டர் பெண் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருப்பாள். பதினெட்டாம் நம்பரில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஞாபக மறதி என்று மட்டும் அண்ணாச்சி மேல் பழி சொல்லக்கூடாது. மூன்று மாதத்துக்கு முன்னால் வந்த கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்தம் எத்தனை மணிக்கு, எந்த மண்டபம், அந்த வீட்டுக்காரர் நமக்கு எவ்வளவு மொய் எழுதினார் என்பதெல்லாம் நோட்டைப் புரட்டாமலே சொல்வார். டாக்டரைப் பார்க்கும் நாளும் அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். வர மாட்டார், அவ்வளவுதான்.

"ஏன் அண்ணாச்சி நேத்து வரல?" என்று கவுண்டர் பெண் கேட்டால், "வலி விட்டுப்போச்சே தாயி. வலி இல்லாத உடம்பைக் கொண்டுவந்து டாக்டர்ட்ட என்னத்தக் காட்ட?" என்பார். இதற்கு எந்த மருத்துவக் கல்லூரியிலும் பதில் கிடையாது.

பஞ்சாங்கமும் அவர் கட்சி. ஆனால் ஒரு கஷ்டம். பகல் ராகு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை வருவதுதான் ஆகக் கடைசி. கிளினிக்கோ ஆறு மணிக்குத் திறக்கிறது. அதனால் ராகு காலம் என்ற அருமையான சாக்கு அண்ணாச்சிக்கு வாய்க்காமலே போய்விட்டது. மனிதர் சளைக்கவில்லை, சந்திராஷ்டமத்துக்குப் போய்விட்டார். மாதாமாதம் வரும், வந்தால் இரண்டேகால் நாள் இருக்கும், டாக்டரால் மறுத்துப் பேச முடியாது. அது தீர்ந்தால் கரிநாள், அதுவும் தீர்ந்தால் அஷ்டமி, நவமி. இத்தனையையும் தாண்டி ஒரு நல்ல நாள் வந்துவிட்டால், அன்றைக்கு யார் வீட்டிலாவது விசேஷம் இருக்கும்.

இதெல்லாம் வெளியே சொல்லும் காரணம். உள்ளே ஒன்று இருக்கிறது: டாக்டர் ஏசுவார். சுகர் பார்க்கப் போவதற்கு முன்னால் மூன்று நாள் வாயைக் கட்டிக்கொண்டு, வெறும் வயிற்று ரத்தத்தில் நல்ல மார்க் வாங்கி வந்த காலம் ஒன்று இருந்தது. பிறகு எச்பிஏ1சி என்று ஒரு பரிசோதனை வந்தது. ஊரில் அதற்கு 'மூணு மாச சுகர்' என்று பெயர். மூன்று மாதத்துச் சராசரியை அது எடுத்துக் கொடுத்துவிடும். திருநெல்வேலியில் இருந்துகொண்டு மூன்று மாதக் கணக்குக் காட்டு என்றால் ஒரு மனிதன் எந்த முகத்தோடு போவான்? இருட்டுக்கடை அல்வா எங்கே போகும்? அண்ணாச்சி பழைய சீட்டை மருந்துக்கடையில் நீட்டி, "அதே மாத்திரை, ஒரு மாசத்துக்கு" என்று வாங்கிக்கொண்டு போய்விடுவார். மாத்திரையைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று பார்க்கத்தான் டாக்டர் வரச் சொன்னார் என்பது சீட்டுக்குத் தெரியுமா, என்ன?

பல் டாக்டர் கதை இன்னும் மோசம். ரூட் கெனால் என்றால் பெரும்பாலும் இரண்டு மூன்று தடவை உட்கார வேண்டும். முதல் தடவையிலேயே வலி போய்விடுவதுதான் அதில் உள்ள ஆபத்து. அண்ணாச்சி வாயில் தற்காலிக சிமெண்டோடு ஒரு பல் இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறது. கேப் போட அளவெடுக்க இன்னும் போகவில்லை. கேட்டால், "அந்தப் பக்கம் மெல்லுறதில்ல" என்கிறார்.

அண்ணாச்சியைத் திருத்த கிளினிக் எடுத்த முயற்சிகள் தனிப் புராணம். டாக்டரின் மகன் வெளியூரில் எம்.பி.ஏ. படிக்கிறான். லீவுக்கு வரும்போதெல்லாம் ஒரு ஆராய்ச்சியைக் கையோடு கொண்டுவருவான். செயல்படுத்த வேண்டியது மட்டும் கவுண்டர் பெண்.

முதலில் வாட்ஸ்அப் நினைவூட்டல். 'நாளை மாலை 6.30 மணிக்கு உங்கள் டோக்கன்' என்று போனது. அண்ணாச்சியிடமிருந்து உடனே ஒரு ரோஜாப்பூவும், இனிய இரவு வணக்கமும், முருகன் படமும் வந்தன. ஆள் வரவில்லை. லண்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் குழுமத்தில், 'நீங்கள் வராவிட்டால் இவ்வளவு பவுண்டு நஷ்டம்' என்று குறுஞ்செய்தியில் சேர்த்துப் பார்த்தார்களாம்; வராதவர்கள் 11.1 சதவீதத்திலிருந்து 8.4 ஆகக் குறைந்தார்களாம். பையன் அதையும் சேர்க்கச் சொன்னான். 'நீங்கள் வராததால் கிளினிக்குக்கு நஷ்டம் ரூ.300' என்று போனதைப் படித்துவிட்டு அண்ணாச்சி, "நான் போகாமலே எனக்கு முந்நூறு மிச்சம்னு அவங்களே கணக்குப் போட்டு அனுப்புதாங்க பாரு" என்று வீட்டில் காட்டினார்.

இங்கிலாந்திலும் அண்ணாச்சிகளுக்குப் பஞ்சமில்லை என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். அங்கே குடும்ப டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கிவிட்டு வராமல் போவது ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி தடவைக்கு மேல், கிட்டத்தட்ட இருபதுக்கு ஒன்று என்று அந்நாட்டு அரசு மருத்துவச் சேவை 2019-இல் கணக்குச் சொன்னது. சந்திராஷ்டமம் இல்லாமலேயே இவ்வளவு.

அடுத்தது முன்பணம். நூறு ரூபாய் ஜிபேயில் போட்டால்தான் டோக்கன், வராவிட்டால் திருப்பித் தரமாட்டோம் என்றார்கள். அண்ணாச்சி மறுபேச்சில்லாமல் போட்டார், வரவில்லை. முன்பாவது அடுத்த நாள் அந்தப் பெண்ணைப் பார்த்தால் கொஞ்சம் நெளிவார். இப்போது நிமிர்ந்து போகிறார். "அதான் நூறு ரூவா கட்டியாச்சுல்லா?" இஸ்ரேலில் ஹைஃபா நகரத்துக் குழந்தைகள் காப்பகங்களில் நடந்ததும் இதுதான். பிள்ளையைக் கூப்பிடத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டார்கள். தாமதமாக வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். 2000-இல் வெளியான ஆய்வு அது. பையன் அதைப் படித்திருக்கிறான், ஆனால் முன்பணம் வாங்க ஆரம்பித்த பிறகுதான் படித்தான்.

ஒரே நம்பரை இரண்டு பேருக்குக் கொடுக்கும் விமானக் கம்பெனி யோசனை ஒரு வாரம் ஓடியது. ஐப்பசி மழை விட்ட மறுநாள், டோக்கன் வாங்கிய அத்தனை பேரும் காய்ச்சலும் இருமலுமாக வந்து நின்றார்கள். அன்று நடந்ததை எழுத வேண்டாம். இரண்டு ஐந்தாம் நம்பர்களும் இப்போதும் பேசிக்கொள்வதில்லை.

இங்கிலாந்தில் சில கிளினிக்குகளில், அடுத்து வரவேண்டிய தேதியை ஊழியர் எழுதிக் கொடுக்காமல் நோயாளி கையாலேயே எழுத வைத்தபோது, வராமல் போவது 18 சதவீதம் குறைந்ததாம். அண்ணாச்சியிடமும் பேனாவைக் கொடுத்தார்கள். அழகான கையெழுத்து அவருக்கு. தேதி, கிழமை, நேரம் எழுதி, மேலே பிள்ளையார் சுழியும் போட்டு, சட்டைப் பையில் வைத்தார். சட்டை சலவைக்குப் போனது.

சிகாகோவில் ஒரு உணவகம், மேசை பதிவு செய்கிறவர்களிடம் "வர முடியாவிட்டால் போன் செய்யுங்கள்" என்று சொல்வதை விட்டு, "போன் செய்வீர்களா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது. சொல்லாமல் வராதவர்கள் 30 சதவீதத்திலிருந்து 10 ஆனார்கள் என்பார்கள். கவுண்டர் பெண்ணும் கேட்டாள்: "வர முடியலன்னா போன் பண்ணுவீங்களா அண்ணாச்சி?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அண்ணாச்சி வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேச்சில்லாமல் நின்றார். பிறகு, "பண்ணுதேன்" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். இரவு எட்டே முக்காலுக்கு, டாக்டர் கைகழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது: "தாயி, இன்னைக்கு வர முடியாது போல இருக்கு."

ஒரே ஒரு வைத்தியம்தான் பலித்தது. அதைப் பையன் சொல்லவில்லை, அந்தப் பெண்ணே கண்டுபிடித்தாள். அண்ணாச்சி நம்பருக்குப் பதிலாக அவர் வீட்டு மதினி நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அன்று ஆறரை மணிக்கு அண்ணாச்சி வந்தார். பின்னாலேயே மதினி, கையில் பழைய ரிப்போர்ட் பையோடு.

வந்தவர் ஆறரையிலிருந்து எட்டேகால் வரை உட்கார்ந்திருந்தார். டாக்டர் இன்னும் வரவில்லை.

இங்கேதான் நான் அண்ணாச்சி பக்கம் சாய்கிறேன். போர்டில் ஆறு மணி என்று எழுதிவிட்டு எட்டேகால் வரை வராதவருக்கு ஊரில் பட்டப்பெயர் கிடையாது. அண்ணாச்சியும் ஒரு காலத்தில் காய்ச்சலோடு சரியான நேரத்துக்கு வந்து, பத்து மணி வரை மின்விசிறிக்கடியில் நடுங்கிவிட்டு, "டாக்டர் இன்னைக்கு வரமாட்டாராம்" என்று கேட்டுக்கொண்டு வீடு திரும்பியவர்தான். மூன்றாம் நம்பர் என்றால் எத்தனை மணி என்று யாராலும் சொல்ல முடியாத இடத்தில், ஆறரை மணி என்பது இரண்டு பக்கமும் சேர்ந்து சொல்லும் பொய். மதினியைக் கூப்பிடுவதோடு, "இப்ப ரெண்டாம் நம்பர் உள்ள போயிருக்கு, கிளம்பி வாங்க" என்று உண்மையான நிலவரத்தைச் சொல்ல ஆரம்பித்த பிறகு, அண்ணாச்சி அல்லாத மற்றவர்கள் ஒழுங்காக வருகிறார்கள். மாதம் ஒருமுறை மதுரையிலிருந்து வரும் நரம்பு டாக்டருக்கு மூன்று வாரம் முன்பே எழுதி வைக்கிறார்களே, அந்தப் பட்டியலில்தான் இப்போதும் ஓட்டை அதிகம்.

எல்லாரும் அண்ணாச்சியும் அல்ல. கூட வர ஆளில்லாமல், பஸ்ஸுக்குக் காசில்லாமல் வராதவர்கள் உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை அதைச் சீக்கிரமே புரிந்துகொண்டது. முகாமில் புரை என்று தெரிந்தவர்களுக்குத் தேதி எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல், சாப்பாடும் போட்டு, அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவமும் அதே வழிதான். பிரஷரும் சுகரும் உள்ளவர்களைத் தேடி வீட்டுக்கே மாத்திரை போகிறது. எங்கள் தெருவுக்கும் ஒரு அக்கா பையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். அண்ணாச்சிக்கு முந்தின நாளே சொல்லிவிடுவாள். "வா தாயி, வீட்லதான் இருப்பேன்" என்பார். அவள் வரும்போது டீக்கடையில் இருப்பார்.

வருகிற வியாழக்கிழமைக்கு அண்ணாச்சி நாலாம் நம்பர் எடுத்திருக்கிறார். மதினி மகள் வீட்டுக்கு, சென்னைக்குப் போயிருக்கிறார். டோக்கன் கிடைக்காமல் அவசரமாக டாக்டரைப் பார்க்க வேண்டியவர்கள் எட்டு மணிவாக்கில் கிளினிக்குக்குப் போங்கள். இடம் காலியாக இருக்கும்.