துரோகி வேடம் யாருக்கு?

கேள்வி: அம்பானியை நினைவூட்டிய ‘குரு’ போல, கொழும்பில் பிறந்த ராஜ் ராஜரத்தினத்தின் கதையையும் படமாக்கினால் என்ன? பேராசை, துரோகம் எல்லாம் இருக்கிறதே!
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: தாராளமாக எடுக்கலாம், கொட்டாஞ்சேனையில் இடைவேளைக்கு முன்பே கைக்குட்டைகள் நனையும். துரோகி வேடத்துக்கு ஆள் பிடிப்பதில்தான் இயக்குநர் சறுக்குவார். வழக்கப்படி அது அனில் குமாருக்குப் போகும்: வார்ட்டனில் கூடப் படித்தவர், மெக்கின்சியில் பெரிய புள்ளி, 2011 இல் உள்தகவல் பங்கு வியாபார வழக்கில் கூண்டேறி நண்பருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர். ஆனால் அதற்கு முன்பே, மெக்கின்சியின் வாடிக்கையாளரான ஏஎம்டி நிறுவனம் 2006 இல் ஏடிஐயை வாங்கப்போகும் இரகசியத்தை நண்பரின் கேலியன் நிதியத்துக்குக் கொடுத்துக் காசு பார்த்தவரும் அவரே. நம்பிக்கை அப்போதே உடைந்துவிட்டது. நட்பு மட்டும் அமோகமாக இருந்தது.

தகவல் திரட்டாமல் பங்கு வியாபாரம் உண்டா என்பீர்கள். ‘செய்தது ஆய்வுதான்’ என்றே ராஜரத்தினம் தரப்பும் வாதாடியது. ஆய்வுக்கு அறிக்கைகளைப் புரட்டுவார்கள். 2008 இல் கோல்ட்மன் சாக்ஸ் பணிப்பாளர் சபைக் கூட்டம் முடிந்த கையோடு, சபை உறுப்பினர் ரஜத் குப்தாவே தொலைபேசியில் அழைக்கமாட்டார். ஒட்டுக்கேட்ட உரையாடல்களைக் கேட்ட ஜூரிகள் 14 குற்றச்சாட்டுகளையும் உறுதிசெய்தார்கள். தண்டனை 11 ஆண்டு, மேன்முறையீட்டிலும் தீர்ப்பு அசையவில்லை. நிஜமாக ஏமாந்தவர், விலை ஏறப்போவது தெரியாமல் அன்று ஏடிஐ பங்குகளை விற்ற யாரோ ஒருவர். வசனமோ பாட்டோ இல்லாத அந்த வேடத்துக்கு எந்த நட்சத்திரமும் கால்ஷீட் தரமாட்டார்.