பத்து மணிக்கு மேல் பாதுகாப்பு அலுவலர்

கலெக்டர் ஆபீஸ் மாலை 5.45-க்கு மூடுகிறது. டாஸ்மாக் இரவு 10-க்கு மூடுகிறது. அதற்கு மேல் நடப்பதெல்லாம் குடும்ப விஷயம்.

அந்தக் குடும்ப விஷயத்துக்கும் ஒரு பாதுகாப்பு அலுவலர் வேண்டும் என்கிறது குடும்ப வன்முறைச் சட்டம். 2005-ல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26-ல் நடைமுறைக்கு வந்த சட்டம். தமிழ்நாடு தொடங்கியது மாவட்டத்துக்கு ஒருவர் என்ற கணக்கில். செங்கல்பட்டு மாவட்டம் என்றால் தாம்பரத்திலிருந்து செய்யூர் கடற்கரை வரை. அத்தனை வீட்டுக் கதவுக்கும் ஒரு நாற்காலி, ஒரு மேஜை.

ராத்திரி பத்தே காலுக்கு டியூட்டியில் இருப்பவர் வேறொருவர். வயது எட்டு.

இசிஆரை ஒட்டிய எந்தக் குப்பத்திலும் அவளைப் பார்க்கலாம். அப்பா பைக் ஸ்டாண்டு போடும் சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். ஒரே உதையில் ஸ்டாண்டு விழுந்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம். இரண்டு மூன்று தடவை கால் தவறினால் வேலை ஆரம்பம். அரிவாள்மனை கட்டிலுக்கடியில் போகும். தம்பி கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் போவான், கையில் ஒரு பிஸ்கட்டோடு. பின்கதவுத் தாழ்ப்பாள் முன்பே எடுத்தாயிற்று. ரேஷன் கார்டும் ஆதாரும் பிறப்புச் சான்றிதழும் மஞ்சப்பையில் போட்டுப் பக்கத்து வீட்டு ஆயாவிடம் கொடுத்தாயிற்று. (அரசாங்கம் பிரபலப்படுத்தியதில் அவளுக்கு உபயோகப்பட்டது அந்தப் பை ஒன்றுதான்.) நடுவில் புகுந்து தடுக்கக் கூடாது என்பதைப் போன வருஷம் வாங்கிய அடியில் கற்றுக்கொண்டாள்.

எந்தத் துறையும் பயிற்சி தரவில்லை. பயணப்படி இல்லை. ஜீப் இல்லை. ஆனாலும் வேலை நடக்கிறது.

இதற்குச் சட்டத்தில் ஒரு படிவமே இருக்கிறது, தெரியுமோ? 2006 விதிகளில் படிவம் 5. பெயர்: பாதுகாப்புத் திட்டம். என்ன வன்முறை நடந்தது, என்ன பாதிப்பு, இனி எதற்கெல்லாம் பயப்படுகிறாய், என்ன பாதுகாப்பு வேண்டும், கோர்ட்டில் என்ன உத்தரவு கேட்கிறாய் என்று கட்டம் கட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டங்களை எல்லாம் அந்தச் சின்னப் பெண் தினமும் மனசிலேயே நிரப்புகிறாள். நாம்தான் மூன்று நகல் கேட்கிறோம்.

சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. மனு கொடுத்தால் மூன்று நாளில் முதல் விசாரணை. அறுபது நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும். பாதிக்கப்பட்டது குழந்தை என்றால், அடிக்கிறவர் அதன் பள்ளிக்கூட வாசலையே மிதிக்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட் தடை போடலாம். பிள்ளைகளைத் தற்காலிகமாக அம்மாவின் பொறுப்பில் விடலாம். உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை. சொக்கத் தங்கமான சட்டம். அதனால்தான் லாக்கரில் வைத்திருக்கிறோம். 2022 ஜூலைக் கணக்கில் நாடு முழுக்க 4.7 லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் நிலுவை. தாலுகா அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை அடையாளம் காட்டுங்கள் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவு போட வேண்டியிருந்தது. சட்டம் வந்தபோது பிறந்த பிள்ளைக்கு அதற்குள் ஓட்டுரிமையே வந்துவிட்டது.

பணம் இல்லை என்பார்கள். நம்பாதீர்கள்.

2019 அக்டோபரில் சீன அதிபர் மாமல்லபுரம் வந்தார். தெருவைக் கழுவினார்கள். சுவருக்கெல்லாம் வண்ணம் அடித்தார்கள். 2022-ல் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட். 92 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். போட்டிச் சின்னமாக ஒரு குதிரைக்கு வேட்டி சட்டை மாட்டி ‘தம்பி’ என்று பெயர் வைத்தார்கள். விருந்தாளி வருகிறார் என்றால் ஊரையே துடைத்து வைக்கத் தெரிந்த நிர்வாகம் நம்முடையது. சிலிண்டருக்குப் பின்னால் பிஸ்கட்டோடு உட்கார்ந்திருக்கிறானே, அந்தத் தம்பிக்கு ஒதுக்கீடு எவ்வளவு? கேட்டால், துறைகள் ஒருங்கிணைந்து செயல்படும் என்று பதில் வரும்.

காவல் நிலையம் போகலாமே என்பீர்கள். 1992-ல் ஆயிரம் விளக்கில் மாநிலத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தோம். பெருமைதான். ஆனால் ஸ்டேஷன் எத்தனை திறந்தாலும் வசனம் ஒன்றுதான்: “ரெண்டு புள்ள இருக்கு, அதுங்களுக்காகவாவது அனுசரிச்சுப் போம்மா.” பிள்ளைகளுக்காகத்தான் அந்த அம்மா வந்தாள். பிள்ளைகளின் பெயரைச் சொல்லியே திருப்பி அனுப்புகிறார்கள். இனிமேல் அடிக்க மாட்டேன் என்று அவன் எழுதிக் கொடுப்பான். அந்தக் காகிதங்களை அடுக்கினால் கடற்கரைக் கோயிலுக்கு இன்னொரு மதில் எழுப்பலாம்.

கல்லானாலும் கணவன் என்பது பெரியவர்கள் வாக்கு. முரட்டுக் கல்லையே உளி வைத்து வழிக்குக் கொண்டுவரும் ஊர் மாமல்லபுரம். அங்கேயும் புருஷனை மட்டும் அப்படியே விட்டுவிடச் சொல்கிறோம்.

குடிக்காமல் அடிக்கிறவர்களும் உண்டு. குப்பத்தில் மட்டும்தான் என்று நினைத்து நாவலூர், சிறுசேரி அடுக்குமாடிக்காரர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். அங்கே கேட்டில் டெலிவரிப் பையனைக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். பதினொன்றாம் மாடிக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நடப்பதற்கு ரெஜிஸ்டர் கிடையாது. தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையிலான, திருமணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்தவர்கள் என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. இந்தியச் சராசரி 29. எதற்கெடுத்தாலும் பேனர் வைக்கிற கட்சிகள் இதில் முந்தியதற்கு மட்டும் ஏனோ வைக்கவில்லை.

நாமும் லேசுப்பட்டவர்கள் அல்ல. யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர் மீது வழக்கு பாயாது. இது சட்டத்தின் நான்காவது பிரிவு. நாமோ சுவருக்கு அந்தப் பக்கம் அலறல் கேட்டால் சீரியல் சத்தத்தைக் கூட்டுகிறோம். மறுநாள் காலையில் அவள் கன்னத்தைப் பார்த்து, “என்னம்மா, வழுக்கி விழுந்தியா?” என்று பதிலையும் நாமே எடுத்துக் கொடுக்கிறோம்.

பிள்ளைகள் 1098-ஐ அழைக்கலாம் என்று பள்ளிச் சுவரில் எழுதியிருக்கிறது. நல்ல எண். பிள்ளைகளுக்கு மனப்பாடம். போன் அப்பாவின் சட்டைப் பையில்.

சரி, அரசாங்கமே பிள்ளையைப் பொறுப்பில் எடுத்துக்கொண்டால்? செங்கல்பட்டுக்கு அதுவும் தெரியும். பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயதுப் பையன் ஒருவன் இங்குள்ள சிறுவர் சீர்திருத்தப் பள்ளியில் இருந்தான். 2022 டிசம்பர் 31-ல் இறந்தான். அடித்ததால் செத்தான் என்று பள்ளி ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். பிறகு, இத்தகைய இல்லங்களைச் சீர்திருத்த நீதிபதி சந்துருவை வைத்து ஒருநபர் குழு போட்டார்கள். அடிக்கிற அப்பனிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்ற வேண்டிய அரசாங்கத்தின் சொந்த வீட்டில் நடந்த சங்கதி இது.

2024-25-ல் டாஸ்மாக் ஈட்டித் தந்த வருமானம் 48,344 கோடி ரூபாய். ஆயிரத்தில் ஒரு பங்கு கேட்கிறோம். 48 கோடி. மாவட்டத்துக்கு ஒன்றேகால் கோடி தேறும். தாலுகாவுக்கு ஓர் ஆள், ராத்திரியில் எடுக்க ஒரு போன், ஓட ஒரு ஜீப். தரமாட்டார்கள். பாட்டில் லேபிளைப் பார்த்தாலே தெரியும். மது நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு என்று முன்பெல்லாம் அச்சடித்தார்கள். பிறகு வாசகத்தை மாற்றினார்கள்: உடல்நலத்துக்குத் தீங்கு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள். வீட்டை லேபிளிலிருந்தே எடுத்துவிட்டார்கள். வண்டியைத்தான் ஓட்டக் கூடாது. நடந்து போய் அடிக்கலாம்.