வேலிக்கு அந்தப்பக்கத்துச் சோளத்தட்டு

ஏன் அம்மிணி, மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு வந்திருக்கற? நாலு பேரு நூலகத்துக்குள்ள வந்து, இன்ன புத்தகத்த அலமாரில இருந்து எடுத்துப்போடுன்னு சத்தம் போட்டுட்டுப் போனானுகளா? இதுக்கா அழுகை! எடுத்துப்போடு கண்ணு. ஊரறிய எடுத்துப்போடு. இந்த வருசத்துல அத எத்தன பேரு வாங்கிட்டுப் போனான், பதிவேட்டப் பாத்துச் சொல்லு. மூணு பேரா? அதுல ஒருத்தி நீயேவா? நாளைக்குப் பாரு, வாசல்ல முப்பது செருப்புக் கெடக்கும்.

நான் எருமை மேச்சவன். கட்டுத்தரையில போட்ட சோளத்தட்ட மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கும். அதே தட்டு வேலிக்கு அந்தப்பக்கம் கெடந்தா, கழுத்துல முள்ளுக் கிழிச்சாலும் விடாது. மனுசப்பய எருமையவிட ஒசத்தின்னு நெனைக்காத.

2011ல உன்ற அண்ணன் பள்ளிக்கூடம் போயிட்டிருந்தான். சமச்சீர்ப் புத்தகம் அச்சடிச்சுக் கட்டுக்கட்டா அடுக்கி வெச்சிருந்தாங்க. ஆட்சி மாறுச்சு, புத்தகம் வேண்டாம்னுட்டாங்க. ஆகஸ்ட் 9ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, பத்து நாளைக்குள்ள அமல்படுத்துன்னு சொல்லிப்போடுச்சு. ரெண்டு மாசமா வெறும் பையத் தூக்கிட்டுப் போன பசங்களுக்குப் புத்தகம் வந்துச்சு. வந்தா, கலைஞர் சமாச்சாரம் இருக்கற எடத்துலயெல்லாம் ஸ்டிக்கரு! பாடம் நடத்தவேண்டிய வாத்தியாருக உக்காந்து ஒட்டுனாங்க பாவம். உன்ற அண்ணன் அதுவரைக்கும் தமிழ்ப் புத்தகத்தத் தொட்டுப் பாக்காதவன். அன்னைக்குப் பொழுதோட திண்ணைல உக்காந்து, எச்சல் தொட்டு மூலையில இருந்து மெல்லமா உரிக்கறான். அடியில இருந்தது ஒரு கவித. சும்மா விட்டிருந்தா பரீட்சைக்கு நாலு வரி மனப்பாடம் பண்ணி மறுநாள் மறந்திருப்பான். இன்னைக்கும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் முழுசாச் சொல்றான், களவாணி.

நம்ம திருச்செங்கோட்டுக் கதைய நீ படிச்சிருப்ப. பெருமாள்முருகன் எழுதுன மாதொருபாகன் நாவல் வந்தது 2010ல. நாலு வருசம் ஆரும் ஏன்னு கேக்கல. 2014 கடைசில நடுரோட்டுல வெச்சு எரிச்சாங்க. அதோட விட்டாங்களா? ஆரும் படிக்கக்கூடாதுன்னு சொன்ன பக்கத்தையே ஜெராக்ஸ் போட்டு வீதி வீதியாக் குடுத்தாங்க, ஓசில! எந்தப் பதிப்பாளரு இப்பிடிச் செலவு பண்ணுவான் சொல்லு?

ஆனா அம்மிணி, அதுல ஒரு எடத்துல மட்டும் எனக்குச் சிரிப்பு வரல. 2015 சனவரில நாமக்கல் கலெக்டர் ஆபீஸ்ல சமாதானக் கூட்டம்னு உக்கார வெச்சு, அந்த மனுசங்கிட்ட மன்னிப்பு எழுதி வாங்குனாங்க. எழுத்தாளன் செத்துப்போயிட்டான்னு பெருமாள்முருகன் தனக்குத்தானே எழவு சொல்லிட்டாரு. அடுத்த வருசம் ஜூலைல ஐகோர்ட்டு, புடிக்காட்டித் தூக்கிப்போடு, எழுதறவர எழுத வுடுன்னு தீர்ப்புச் சொல்லித்தான் அவரு எந்திரிச்சாரு. நடுவுல போன ஒன்றரை வருசத்த எந்தக் கோர்ட்டு குடுக்கும்?

சரி, உன்ற சோலிக்கு வா. நாளைக்கு அவனுக வந்தா நிக்க வெச்சுப் பேசாத. நாற்காலி போடு, மோரு குடு. புத்தகத்தக் கையில குடுத்து, எந்தப் பக்கம்ங்ணான்னு கேளு. பக்கம் தெரியாட்டி, முழுசாப் படிச்சுட்டு எழுதிக் குடுங்ணா, மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்பிப்போடறேன்னு சொல்லு. படிக்கச் சொன்னாப் பாதிப் பேரு, கையெழுத்துக் கேட்டா மீதிப் பேரு எந்திரிச்சுருவான். சின்னக் கொழந்தைக்கு ஆகாதது உண்டுதான், நான் இல்லைங்கல. அத மேல்தட்டுல வெக்கறதுக்குத்தான் உன்னையப் படிக்க வெச்சுது.

எங்க வரிப்பணம்னு எவனாச்சும் குதிச்சா என்னையக் கூப்புடு. வீட்டு வரியில ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரின்னு நானுந்தான் அழுவறேன். அவன்ற பத்துக் காசுக்கு எடுக்கோணும்னா, என்ற பத்துக் காசுக்கு வெக்கோணுமல்ல?

ஆமா, முன்னாடி நின்னு கத்துனவன் ஆரு? மேலக்காட்டு மீசக்காரனா? அடப்பாவி! போன ஆடிக்கு நாட்டுக்கோழி வளப்புப் புத்தகம் வாங்கிட்டுப் போனவன், இன்னும் திருப்பலைன்னு நீதான சொன்ன? மொதல்ல அதக் கேளு.